சிகாகோவிலிருந்து அக்காவுக்கு: ஒரு பாட்டு வழக்கு

சிகாகோ,
மே 2002

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ, அத்தான், பிள்ளைகள், அம்மா எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மா முழங்கால் வலி குறைந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவாள், விடாதே. பணம் இந்த மாதமும் முதல் வாரமே அனுப்பிவிட்டேன். இங்கே குளிர் ஒருவழியாகப் போய்விட்டது. ஏரிக் காற்று மட்டும் இன்னும் காதை அறுக்கிறது.

"அங்கே யாரோடு பேசுகிறாய், பொழுது எப்படிப் போகிறது?" என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு எங்கள் லேபில் பேச்சு ஒரே விஷயம்தான். வில்கோ என்று இந்த ஊர்ப் பாட்டுக் குழு ஒன்று. ஏப்ரல் 23-ம் தேதி அவர்களுடைய புது ஆல்பம் கடைக்கு வந்தது. 'யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்' என்று பெயர். அது நல்ல ஆல்பமா, அதைக் கன்ட்ரி என்று சொல்லலாமா, பழைய ரசிகர்களை அந்தக் குழு நடுத்தெருவில் விட்டுவிட்டதா என்று மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க வாதம். ரத்த மாதிரி அடைத்த குழாய்கள் சென்ட்ரிஃப்யூஜ் மெஷினில் சுற்றிக்கொண்டிருக்கும்போதுகூட யாராவது ஒருவர் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்துவிடுவார். பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்காக ஊரோடு மல்லுக்கு நிற்பாரே, அச்சு அசல் அதேதான். அங்கே வெற்றிலைப் பெட்டி, இங்கே காகிதக் கோப்பையில் காபி.

கொஞ்சம் முன்கதை சொன்னால்தான் உனக்குப் புரியும். கன்ட்ரி என்பது இந்த நாட்டுப் பட்டிக்காட்டுப் பாட்டு. கிதார், ஃபிடில், அப்புறம் பெடல் ஸ்டீல் என்று மடிக்கு நேரே மேஜைபோல் வைத்து வாசிக்கும் ஒரு கருவி. அதன் சத்தம் இழுத்து இழுத்து அழும். நாஷ்வில் நகரத்துக் கம்பெனிகள் கையில் அது பெரிய வியாபாரமாகி, ரேடியோவுக்காகப் பளபளவென்று ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் எங்கள் இல்லினாய் மாநிலத்தின் தென்மேற்கில், மிசிசிப்பி ஆற்றுக்கு இந்தப் பக்கம் உள்ள பெல்வில் என்ற ஊரில், மூன்று பையன்கள் அங்கிள் டுப்பேலோ என்ற குழுவை நடத்தினார்கள். பழைய கன்ட்ரியையும் பங்க் ராக் என்ற முரட்டுப் பாட்டின் வேகத்தையும் ஒன்றாகக் கட்டி 1990-ல் ஒரு ஆல்பம் போட்டார்கள். 'நோ டிப்ரஷன்' என்ற அதன் பெயர், கார்ட்டர் குடும்பம் என்ற பழைய கன்ட்ரிக் குழு 1930-களில் பாடிய பாட்டிலிருந்து எடுத்தது. 1995-ல் அதே பெயரில் பத்திரிகையே வந்துவிட்டது. இந்த வகைக்குத்தான் ஆல்ட்-கன்ட்ரி என்று பெயர். அந்தப் பத்திரிகையே தன் பெயருக்குக் கீழே "அது எதுவாக இருந்தாலும் சரி" என்று போட்டுக்கொண்டது. அப்படியிருக்க, எங்கள் லேபில் மட்டும் எப்படி ஒரு முடிவுக்கு வர முடியும், சொல்.

அங்கிள் டுப்பேலோ 1994-ல் உடைந்தது. ஜே ஃபாரர் ஒரு பக்கம் போய் சன் வோல்ட் என்ற குழுவைத் தொடங்கினார், ஜெஃப் ட்வீடி இன்னொரு பக்கம் வில்கோ. 1995-ல் இருவரும் ஆளுக்கொரு ஆல்பம் கொண்டுவந்தார்கள். அன்று முதல் ரசிகர்களும் இரண்டு கட்சி.

எங்கள் லேபில் மூத்த டெக்னீஷியன் ஒருவர் இருக்கிறார். பெல்விலுக்குப் பக்கத்து ஊர்க்காரர், ஃபாரர் கட்சி. அங்கிள் டுப்பேலோவைச் சின்னச் சின்ன மதுக்கடைகளில் நேரில் கேட்டவர். புது ஆல்பத்தைப் பற்றி அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பெடல் ஸ்டீல் எங்கே?" முதல் பாட்டே ஏறக்குறைய ஏழு நிமிஷம். டிரம் தட்டுத் தடுமாறி வருகிறது, பியானோ வழி தவறினாற்போல் அலைகிறது, மணிகள், உறுமல்கள். "பாட்டு இருக்கிறது, அதன் மேல் குப்பையைக் கொட்டியிருக்கிறார்கள்" என்பது அவர் தீர்ப்பு. பாடல்களின் ஒலிகளைக் கலந்து முடித்த ஜிம் ஓ'ரூர்க் மேலும், புதிதாக வந்த டிரம்மர் க்ளென் கோச்சி மேலும்தான் அவருக்குக் கோபம். போன வருஷம் குழுவை விட்டுப் போன ஜே பென்னட் இருந்திருந்தால் ஆல்பம் வேறு மாதிரி முடிந்திருக்கும் என்பார்.

எதிர்க்கட்சி, எங்களோடு வேலை செய்யும் ஒரு சின்னப் பெண். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் சொல்வதில் நியாயம் உண்டு. "நீங்கள் கும்பிடும் அங்கிள் டுப்பேலோவே கன்ட்ரியில் பங்க்கைக் கலந்த குழுதானே? அன்றைக்கு அதுவும் பழைய ஆட்களுக்குக் குப்பையாகத்தான் கேட்டிருக்கும்" என்கிறாள். பெரியவர் தலையை ஆட்டுவார், ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

இந்த ஆல்பம் வெளிவந்த கதையும் வாதத்தில் பாதி. பாடிப் பதிவு செய்து கொடுத்ததை ரிப்ரைஸ் கம்பெனி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. குழு பாட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, போன செப்டம்பரில் தன் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளட்டும் என்று வைத்துவிட்டது. பிறகு நான்சச் கம்பெனி அதை வாங்கி வெளியிட்டது. ரிப்ரைஸுக்கும் நான்சச்சுக்கும் முதலாளி ஒரே நிறுவனம்! இலவசமாகக் கேட்டாகிவிட்டதே, இனி யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று பேசினார்களாம். முதல் வாரமே 55,000 பிரதிக்கு மேல் விற்று, நாடு முழுவதற்குமான விற்பனைப் பட்டியலில் 13-வது இடத்துக்கு வந்துவிட்டது. அந்தக் குழு அதுவரை அவ்வளவு உயரம் போனதில்லை. எனக்கு அதில் உண்மையாகவே சந்தோஷம்.

முதலில் வெளியிடுவதாக இருந்த தேதி 2001 செப்டம்பர் 11. அட்டையில் இரட்டைக் கோபுரம். நியூயார்க் கோபுரம் இல்லை, இங்கே ஆற்றங்கரையில் இருக்கும் மரீனா சிட்டி. சோளக்கதிர் என்று ஊரார் சொல்லும் கட்டிடம் அது. கீழே பத்தொன்பது மாடி கார்கள் நிற்க, அதற்கு மேல் குடியிருப்பு. ஒரு பாட்டில் உயரமான கட்டிடங்கள் நடுங்குவதாக வரும், இன்னொன்றின் பெயர் 'அமெரிக்கக் கொடிகளின் சாம்பல்'. எல்லாம் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முன்பே எழுதிப் பாடி முடித்தவை. தற்செயல்தான். ஆனாலும் இங்கே யாராலும் அதைத் தற்செயலாகக் கேட்க முடியவில்லை. தூக்கம் வராத அந்த இரவுகளில் இந்தப் பாட்டுகளைத்தான் கணினியில் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று அந்தப் பெண் சொன்னாள். அப்போது நான் ரெட் லைன் ரயிலில் யார் முகத்தையும் பார்க்காமல் போய்வந்துகொண்டிருந்தேன் அக்கா. என் நிறத்தைப் பார்த்துச் சிலர் தள்ளி உட்கார்ந்தார்கள். நீங்கள் பயப்படுவீர்கள் என்று அப்போது எழுதவில்லை. இப்போது பரவாயில்லை.

"நீ எந்தக் கட்சி?" என்று ஒரு நாள் பெரியவர் என்னைக் கேட்டார். இந்த நாட்டுக்கு வந்த பிறகு விசா, சாப்பாடு, எங்கள் ஊர் வெயில் இதைப் பற்றி எல்லாம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டைப் பற்றி என் அபிப்பிராயம் என்னவென்று யாரும் கேட்டதில்லை. மனதில் இருந்ததை அப்படியே சொன்னேன்.

அந்தச் சாம்பல் பாட்டில் ஒருவன் ஏடிஎம் மெஷின் முன்னால் நிற்கிறான். நூறு டாலரை இருபது இருபதாக எடுக்கிறான், அதற்கு மெஷின் பிடித்துக்கொள்ளும் கட்டணத்தையும் கணக்குச் சொல்கிறான். எங்கள் தெருமுனையில் அப்படி ஒரு மெஷின் உண்டு. மாதக் கடைசியில் அதன் முன்னால் நிற்கும்போது, எடுக்கும் பணத்தைவிடப் பிடிக்கும் கட்டணம்தான் என் கண்ணில் நிற்கும். கையில் காசில்லாத மனுஷன் தன் கணக்கைத் தானே பாடிக்கொள்வதுதானே கன்ட்ரி? ஃபிடில் இல்லாமல் போகலாம், அந்த மனுஷன் இருக்கிறான். பாட்டின் மேல் குப்பை என்று நீங்கள் சொல்கிற சத்தம், அவன் நிற்கிற தெருவின் சத்தம். இதைத்தான் சொன்னேன். இங்கிலீஷில் சொன்னதால் இவ்வளவு கோர்வையாக வரவில்லை, ஆனால் புரிந்தது.

பெரியவர் மசியவில்லை. "மனுஷன் இருக்கிறான், மெட்டு எங்கே?" என்றார். மறுநாள் வீட்டிலிருந்து ஒரு சிடி கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். 1992 மார்ச்சில் அங்கிள் டுப்பேலோ ஜார்ஜியாவில் ஐந்தே நாளில் பதிவு செய்தது; அந்த ஐந்து நாள் தேதிதான் ஆல்பத்தின் பெயரே. ஆர்.ஈ.எம். குழுவின் பீட்டர் பக் தயாரித்தார். கிதார், பாஞ்சோ மாதிரியான மரக்கருவிகள்தான். சுரங்கத் தொழிலாளிகளின் பழைய பாட்டு, சாராயம் காய்ச்சுபவன் பாட்டு. தன் தாத்தாவும் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர் என்று பெரியவர் சொன்னார். அவர் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கியது. ஃபாரரின் குரலைக் கேட்டுப் பார், இருபது வயதுகளில் இருப்பவன் குரல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இரண்டு ஆல்பத்தையும் மாற்றி மாற்றிக் கேட்கிறேன். எனக்கு இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். புதியதில் 'ரேடியோ க்யூர்' என்று ஒன்று இழுவையாக இழுக்கிறது, அதை வெட்டியிருந்தால் நஷ்டமில்லை. வயலினோடு வரும் 'ஜீசஸ், எட்செட்ரா' இருக்கிறதே, அதை எந்தக் காலத்து ஆளுக்குப் போட்டுக் காட்டினாலும் பிடிக்கும். செயின்ட் லூயிஸ் ஆற்றங்கரையில் கோடைக்கால இரவுகளில் வாசித்த ஹெவி மெட்டல் குழுக்களை நினைத்து ஏங்கும் பாட்டு ஒன்று உண்டு. அது வந்தால் மட்டும் பெரியவர் வாதத்தை நிறுத்திவிட்டு விரலால் மேஜையில் தாளம் போடுகிறார். அந்த ஆற்றங்கரையில்தான் அவருடைய வாலிபமும் போயிருக்கிறது.

உனக்காகவே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கடைசிக்கு முந்தைய பாட்டின் முடிவில் இரைச்சல் ஏறிக்கொண்டே போகும். அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல், ஏற்ற இறக்கமே இல்லாமல், "யாங்கி... ஹோட்டல்... ஃபாக்ஸ்ட்ராட்" என்று திரும்பத் திரும்பச் சொல்லும். சிற்றலை ரேடியோவில் பிடித்த குரல் அது. இப்படி வாசிக்கும் நிலையங்கள் உளவாளிகளுக்குச் சங்கேதம் அனுப்புபவை என்று நம்புகிறார்கள். அவற்றைப் பதிவு செய்து தொகுப்பாகவே வெளியிட்டிருக்கிறார்கள், ட்வீடி அதிலிருந்து எடுத்தார். முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ராத்திரி அப்பா இலங்கை வானொலிக்காகக் குமிழைத் திருகும்போது, பாட்டு விலகிப் போய், எந்த நாட்டுப் பாஷையோ நடுவில் புகுந்து எண்ணாக அடுக்குமே, நாம் இரண்டு பேரும் போர்வைக்குள் போய்விடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? இதை லேபில் சொன்னதும் இரண்டு கட்சியும் வாதத்தை விட்டுவிட்டு அந்த ரேடியோவைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்ன பாட்டு, எவ்வளவு தூரத்திலிருந்து வரும், மழையில் கேட்குமா என்று எல்லாம்.

டெவன் தெரு மளிகைக் கடையில் பழக்கமான ஒருவர் ஜூனில் ஊருக்கு வருகிறார். அவரிடம் இரண்டு கேசட் கொடுத்தனுப்புகிறேன். நீலப் பேனாவில் எழுதியது புது ஆல்பம், கறுப்பு 1992-ல் வந்தது. பிள்ளைகள் படிக்கும் நேரமாகப் பார்க்காமல், சாவகாசமாகக் கேள். முதல் பாட்டின் ஆரம்பத்தைக் கேட்டு நிறுத்திவிடாதே, அங்கேதான் நிறையப் பேர் தப்பித்து ஓடுகிறார்கள். அத்தானும் கேட்கட்டும், அவருக்குக் கறுப்புதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன். எது பிடித்தது, ஏன் என்று இரண்டு வரி எழுது. என் அக்காவையும் கேட்டுச் சொல்கிறேன் என்று இங்கே சொல்லி வைத்திருக்கிறேன், பெரியவர் தினமும் கடிதம் வந்ததா என்கிறார்.

சின்னவன் பரீட்சை முடிவு வந்ததும் எழுது. அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

உன் அன்புத் தம்பி