அம்மாவின் கவலையும் அம்மாவின் மூளையும்

அன்பு மகனுக்கு,

போன வாரம் போனில், "இப்படிக் கவலைப்பட்டுக்கொண்டே இருந்தால் மூளை சுருங்கிவிடும்மா" என்றாய். அக்கறையில் சொன்னாய், தெரியும். ஆனாலும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்புறம் நாலைந்து நாள் உட்கார்ந்து தேடித் தேடிப் படித்தேன்.

நீ சொன்னது வெறும் மிரட்டல் இல்லைதான். 2011-இல் வந்த ஓர் ஆய்வில், நடுவயதைத் தாண்டியவர்களின் எம்.ஆர்.ஐ. படங்களைப் பார்த்திருக்கிறார்கள். எளிதில் கலங்குகிறவர்களுக்கு மூளையின் சில பகுதிகள் சற்றுச் சிறிதாக இருந்தன. பொறுப்பும் ஒழுங்கும் மிகுந்தவர்களுக்குச் சற்றுப் பெரிதாக இருந்தன.

ஆனால் ஒன்றை யோசி. 60 தாண்டினால் யாருடைய மூளையும் ஆண்டுக்கு அரை சதவீதம் போலச் சுருங்கத்தான் செய்கிறது. சுபாவத்தால் வருகிற வித்தியாசம் சின்னது. ஓர் ஆய்வில் தெரிவது அடுத்ததில் தெரியாமல் போகிறது. 2020-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களிடம் தேடியபோது பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. அதோடு, கவலையால் சுருங்கியதா, சுருங்கியதால் கவலை கூடியதா என்பதை ஒருமுறை எடுத்த படம் எப்படிச் சொல்லும்?

என் மனதில் தங்கியது வேறொன்று. அமெரிக்காவில் வயதான கன்னியாஸ்திரிகள், பாதிரியார்கள் என்று கிட்டத்தட்ட ஆயிரம் பேரை 12 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தார்கள். பொறுப்புணர்வு மிகுந்தவர்களுக்கு அல்சைமர் என்கிற மறதிநோய் வந்தது மிகவும் குறைவு. இறந்தவர்களின் மூளையைப் பரிசோதித்தபோதுதான் ஆச்சரியம். அந்த நோய்க்குரிய படிவுகளும் முடிச்சுகளும் பொறுப்புணர்வு மிகுந்தவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே இருந்தன. சேதம் இருந்தும் நினைவும் யோசனையும் அவ்வளவாகத் தளரவில்லை. எனக்கு இதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. மூளையின் அளவு மட்டுமே நம் விதி இல்லை, பார்த்தாயா.

நடையைப் பற்றியும் படித்தேன். 120 முதியவர்களில் பாதிப் பேரை ஓர் ஆண்டு வேகமாக நடக்க வைத்தார்கள். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்கிற மூளைப் பகுதி அவர்களுக்கு 2 சதவீதம் வளர்ந்திருந்தது. கைகாலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் குறைந்திருந்தது. அன்றிலிருந்து காலையில் நடக்கிறேன். மாத்திரையையும் குறித்து வைத்து நேரத்துக்குப் போடுகிறேன்.

சரி, இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். சிலவகை மறதிநோயில் ஞாபகம் கெடுவதற்கு முன்பே சுபாவம் மாறிவிடுமாம். முன்மூளை பாதிக்கப்படும்போது அப்படி ஆகும் என்கிறார்கள். நீ பயணம் போய்ச் சேர்ந்ததும் போன் செய்யாவிட்டால் நான் பதறுவேன், உனக்கே தெரியும். ஒரு நாள் அந்தப் பதற்றம் சுத்தமாக நின்றுபோனால், யாரிடமும் ஒட்டுதல் இல்லாமல் நான் இருந்தால், "அம்மா ஒருவழியாக நிம்மதியாகிவிட்டாள்" என்று விட்டுவிடாதே. வயசாகிவிட்டது என்றும் நினைக்காதே. உடனே வந்து என்னை டாக்டரிடம் கூட்டிப்போ. நான் வரமாட்டேன் என்றாலும் விடாதே.

அன்புடன்,
அம்மா