வாக்குரிமை தானாக வந்துவிடவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பெண்கள் வாக்குரிமைப் போராட்டம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். லண்டனில் பெண்கள் சிறை சென்றது, உண்ணாவிரதம் இருந்தது, அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய பாங்க்ஹர்ஸ்ட் குடும்பம் என எல்லாம் விரிவாக இருந்தது. நியூசிலாந்துக்கு மட்டும் ஒரே வரி. 1893-இல் அந்நாட்டு அரசு மனமுவந்து உரிமையைக் கொடுத்துவிட்டது போல அது முடிந்துவிட்டது. எனக்கு மனம் ஆறவில்லை.

நியூசிலாந்தில் வாக்குரிமை இயக்கத்தை வழிநடத்திய கேட் ஷெப்பர்டும் அவருடைய தோழிகளும் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். 1891-இல் 9,000-க்கு மேல் கையெழுத்துகள், ஆனால் பெண்களுக்கு வாக்குரிமை தரும் மசோதா தோற்றது. மறு ஆண்டு 20,000-ஐ நெருங்கியது, அப்போதும் தோல்வி. 1893-இல் ஏறக்குறைய 32,000 பேர்! மனுத் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, துடைப்பக் கம்பு ஒன்றில் சுற்றி, நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். உறுப்பினர் ஜான் ஹால் அதை அவையின் நடுவே உருட்டிவிட்டார். மதுவிலக்கு கேட்ட பெண்கள் இந்த இயக்கத்தின் முன்னணியில் இருந்ததால், மது வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். எதிர்மனுவுக்கு மதுக்கடைகளிலேயே கையெழுத்து வாங்கினார்கள்.

பிரதமர் செட்டனும் இதை விரும்பவில்லை. மேலவையில் ஓர் உறுப்பினரின் வாக்கை மாற்ற அவர் தந்தி அடிக்க, அந்தத் தலையீட்டில் எரிச்சலடைந்த எதிரணி உறுப்பினர்கள் இருவர் மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். 20-க்கு 18 என்று நிறைவேறியது. அப்புறமும் ஆளுநர் கையெழுத்திடக் கூடாது என்று மனுக்கள் போயின. செப்டம்பர் 19 அன்றுதான் சட்டமானது. நவம்பர் தேர்தலில் 90,000-க்கும் அதிகமான பெண்கள் வாக்களித்தார்கள். பெண்களுக்கு அரசியலில் அக்கறை இல்லை என்று சொல்லிவந்தவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா?

அதே 1893-இல் மெரி தே தாய் மங்ககாஹியா என்ற மாவோரிப் பெண், நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் தனி நாடாளுமன்றத்தில் பேசினார். பெண்களுக்கு அங்கே வாக்கு மட்டும் போதாது, உறுப்பினராகும் உரிமையும் வேண்டும் என்றார். நியூசிலாந்து நாடாளுமன்றத் தேர்தலில் பெண்கள் போட்டியிட 1919 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் பெண் உறுப்பினர் எலிசபெத் மெக்கோம்ப்ஸ் 1933-இல்தான் வந்தார். மங்ககாஹியா எவ்வளவு முன்னால் யோசித்திருக்கிறார், பாருங்கள்!

சிறை சென்றவர்களின் தியாகத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. கதவைத் தட்டிக் கையெழுத்து கேட்டவர்களுக்கும் அந்த வரலாற்றில் சம இடம் வேண்டும் என்கிறேன். கட்டுரையின் அடுத்த பகுதி வருவதாக இருந்தால், மங்ககாஹியாவுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி