ஜப்பானின் ஒசாஃபுனேயிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். எல்லாருடைய நலமும் அறிய ஆவல். உங்கள் கடிதம் கிடைத்தது. போனில் அம்மா பேசும்போது நீங்கள் பின்னால் இருமுவது மட்டும்தான் கேட்கும். கடிதத்தில் ஒரு பக்கம் முழுக்கப் பேசியிருக்கிறீர்கள். அதனால் நானும் எழுதவே உட்கார்ந்துவிட்டேன்.

வாள் வைத்திருக்கிற ஆளோடு என்ன பழக்கம் என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மா எப்படிச் சொன்னதோ! அவர் பக்கத்து வீட்டுத் தாத்தா. வாள் வாங்க அவருக்கு வசதியில்லை. பிடிக்கும் அலகுக்கும் நடுவில் கோர்க்கிற இரும்பு வட்டத்தை, ட்சுபா என்பார்கள், அதைத்தான் சேர்க்கிறார். 1876இல் வாள் அணியக் கூடாதென்று அரசு தடை போட்டதும், ட்சுபா செய்தவர்களில் பலர் பூச்சாடி செய்து பிழைத்தார்களாம். இரவில் விளக்கடியில் ஒரு வட்டத்தை வைத்துக்கொண்டு தாத்தா தானாகச் சிரிப்பார். மற்றபடி நல்ல மனிதர். முள்ளங்கி விளைந்தால் எனக்கும் தருவார்.

அவர்தான் வாள் பார்க்கிற கூட்டத்துக்குக் கூட்டிப்போனார். எல்லா வாளுக்கும் பதிவுச் சீட்டு உண்டு, அது இல்லாமல் வைத்திருந்தால் குற்றம். பயப்படாதீர்கள்.

ஊர்ப் பொதுக்கூடத்தில் மேசைமேல் ஐந்து வாள். செய்தவன் பெயர் பிடிக்குள் போகும் பகுதியில் வெட்டியிருக்கும், அதைத் துணியால் மூடிவிடுகிறார்கள். வளைவையும் இரும்பின் ரேகையையும் விளிம்போரத்து வெள்ளைக் கோட்டையும் பார்த்து, எந்தக் கொல்லன், எந்தக் காலம் என்று சீட்டில் எழுதித் தர வேண்டும். முதலில் வாளுக்கு வணக்கம். அலகில் விரல் படக்கூடாது, அதன்மேல் பேசவும் கூடாது, எச்சில் தெறித்தால் துரு ஏறும். குண்டு பல்புக்கு நேரே சாய்த்துப் பார்த்தால் அந்தக் கோடு அலையலையாகத் தெரிகிறது. இந்தப் பக்கத்து வாள்களில் கிராம்பு மொட்டுகளை வரிசையாக வைத்தது மாதிரி இருக்கும். எனக்குச் சொல்லித்தான் தெரிந்தது.

பிடியில் சுற்றியிருப்பது என்ன தெரியுமா? திருக்கைத் தோல்! முன்பு சயாமிலிருந்து கப்பலில் வந்ததாம். நம் கரையில் அதை யார் சீந்துகிறார்கள்? கூட்டத்தில் இதைப் பற்றி வாய் திறக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். திருக்கையை எப்படி அறுப்போம் என்று கையாலேயே காட்டினேன், எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

இந்த நகராட்சி 2020இல் ஒரே ஒரு பழைய வாளை 50 கோடி யென்னுக்கு வாங்கியது. நன்கொடை திரட்டித்தான். 13ஆம் நூற்றாண்டு வாள், உயெசுகி கென்ஷின் என்ற தளபதியிடம் இருந்தது. நம் ஊரில் ஒரு பாலத்துக்கு இப்படித் திரட்டுவார்களா, சொல்லுங்கள்.

அலகுக்குப் பூசும் எண்ணெயில் கிராம்பு வாசம். பல்வலி வந்தால் அப்பத்தா பஞ்சில் தொட்டு வைக்குமே, அதே வாசம். எழுத வேண்டிய சீட்டை வெறுமையாகவே கொடுத்துவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை அப்பா. மீன் ஏலச் சத்தம் கேட்காமலே விடிகிறது இங்கே. யாராவது என்னை 'டேய்' என்று கூப்பிட மாட்டார்களா என்றிருந்தது.

சரி, அதை விடுங்கள். குளிர்தான் கொஞ்சம் அதிகம், மண்ணெண்ணெய் அடுப்பு இருக்கிறது. சோறும் முட்டையுமாக நன்றாகவே சாப்பிடுகிறேன். பணம் குறைந்திருக்கிறதே என்று அம்மா கேட்டது. யென் மதிப்பு இறங்கிவிட்டது, வேறொன்றுமில்லை.

ஏப்ரல் 15 மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்குள் படகு என்ஜின் வேலைக்கு ஆளைச் சொல்லிவையுங்கள், கரையேற்றியபின் தேடினால் கூலி கூட்டிக் கேட்பான். பெரிய மாமாவிடம் வாங்கியதற்கு இந்த முறை வட்டி மட்டும் கொடுங்கள், அசலை நான் பார்த்துக்கொள்கிறேன். சின்னவளுக்குக் காது குத்தை ஆவணிக்குத் தள்ளினால் நல்லது. அத்தை கோபப்படும், நீங்கள் நேரில் போய்ச் சொல்லுங்கள், சித்தப்பாவை அனுப்பாதீர்கள். அந்த இருமலுக்கு ராமநாதபுரம் போய்க் காட்டிவிட்டு, டாக்டர் சொன்னதை மறைக்காமல் எழுதுங்கள்.

அன்பு மகன்