பிரீக்னஸை விட்டது துரோகமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவின் டிராவர்ஸ் குதிரைப் பந்தயம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சரடோகா மைதானத்தில் சாவரின்டி என்ற குதிரை பத்து குதிரை நீளம் முன்னால் வந்து ஜெயித்ததைக் கண்முன் நிறுத்தியிருந்தார் கட்டுரையாளர். ஆனால் கடைசிப் பத்தியில், மே மாதம் இந்தக் குதிரையை பிரீக்னஸில் இறக்காமல் விட்டது ரசிகர்களுக்குச் செய்த துரோகம் என்கிறார். இறக்கியிருந்தால், கென்டக்கி டெர்பி, பிரீக்னஸ், பெல்மாண்ட் என்ற மூன்று பந்தயங்களையும் ஒரே ஆண்டில் ஜெயித்த பதினான்காவது டிரிபிள் கிரவுன் குதிரை கிடைத்திருக்குமாம். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

கென்டக்கி டெர்பியை நான் வருடம் தவறாமல் பார்க்கிறவன். நம் ஊரில் அது ஞாயிறு விடியற்காலை நாலரை மணி. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கிண்டியில் ரெயிலிங் ஓரம் நின்ற காலத்தில் தொற்றிய பழக்கம், இன்னும் விடவில்லை. இந்த ஆண்டு (2025) மே 3-ல் மழையில் ஊறிச் சேறாகிக் கிடந்த பாதையில் 19 குதிரைகள் ஓடின. ஜர்னலிசம் என்ற குதிரையைக் கடைசி நேரத்தில் தாண்டி சாவரின்டி ஜெயித்தது. மூன்று நாள் கழித்துப் பயிற்சியாளர் பில் மாட், பிரீக்னஸுக்கு வரவில்லை, நேராக பெல்மாண்டுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டார். குதிரைக்குக் காயம் எதுவும் இல்லை. டெர்பிக்கும் பிரீக்னஸுக்கும் நடுவே உள்ள இரண்டு வார இடைவெளி போதாது, அவ்வளவுதான். ஜூன் 7-ல் பெல்மாண்டிலும் அதே குதிரை முதலில் வந்தது. ஜர்னலிசம் இரண்டாவது, பேஸா மூன்றாவது. டெர்பியில் வந்த அதே வரிசை.

இதைப் பார்த்துத்தான் பலரும் நடுவில் இருந்த பிரீக்னஸையும் தூக்கிச் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு தப்பு. பெல்மாண்டில் நாம் பார்த்த சாவரின்டி ஐந்து வாரம் ஓய்வெடுத்து வந்த குதிரை. பிரீக்னஸில் ஓடியிருந்தால் ஜூனில் வேறொரு குதிரையைத்தான் பார்த்திருப்போம். மூன்று வயதுக் குதிரைக்கு எலும்பு இன்னும் முழுதாக முற்றியிருக்காது. முழு வேகத்தில் ஓடும் ஒவ்வொரு முறையும் கால் எலும்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சேதம் விழுகிறது. அது தானாக ஆறும், ஆனால் நாள் வேண்டும். மாட் ஒன்றும் நேற்று வந்தவர் இல்லை. சிகார் என்ற குதிரையைத் தொடர்ந்து 16 பந்தயங்களில் ஜெயிக்க வைத்தவர். லாயத்தில் தினமும் குதிரையின் காலைத் தொட்டுப் பார்க்கிற அவருடைய பேச்சை, டிவியில் பார்க்கிற நாம் நம்பக் கூடாதா?

அப்புறம் பாரம்பரியம். இரண்டு வார இடைவெளி ஆதியிலிருந்து வந்தது போலக் கட்டுரையில் எழுதியிருக்கிறது. 1919-ல் முதன்முதலாக மூன்றையும் ஜெயித்த சர் பார்ட்டனுக்கு டெர்பிக்கும் பிரீக்னஸுக்கும் நடுவே கிடைத்தது நான்கே நாள். 1917-லும் 1922-லும் இரண்டு பந்தயங்களும் ஒரே நாளில் நடந்தன. 1923-லும் 1931-லும் பிரீக்னஸ்தான் முதலில் ஓடியது. 2020-ல் கொரோனாவால் பெல்மாண்ட் ஜூனிலும் டெர்பி செப்டம்பரிலும் பிரீக்னஸ் அக்டோபரிலும் நடந்தன. இடைவெளியை நீட்டினால் கிரீடத்தின் மதிப்பு குறையும் என்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். 1973 பெல்மாண்டில் 31 நீளம் முன்னால் வந்து மூன்றையும் ஜெயித்தது செக்ரடேரியட் என்ற குதிரை. அதற்கு டெர்பி முடிந்து இரண்டு வாரம் கிடைத்ததே, சர் பார்ட்டனுக்கு நான்கு நாள்தானே என்று யாராவது அதன் கிரீடத்தை மட்டமாகப் பேசுகிறோமா?

குதிரைகளை ஓடவிடும் முறையும் மாறிவிட்டது. 1960-ல் அமெரிக்காவில் ஒரு குதிரை வருடத்துக்குச் சராசரியாக 11 தடவைக்கு மேல் ஓடியது. இப்போது சுமார் 6 தடவைதான். பெரிய பயிற்சியாளர்கள் பலரும் பந்தயத்துக்குப் பந்தயம் நான்கு வாரமாவது விடுகிறார்கள். அதனால்தான் இந்த ஆண்டு டெர்பியில் ஓடியவற்றில் மூன்றே மூன்று குதிரைகள் பிரீக்னஸுக்கு வந்தன. மாட் ஒருவரைத் திட்டி என்ன பயன்? பிரீக்னஸைத் தள்ளி வைப்பது பற்றி 2023-லேயே பேச்சு எழுந்தது. ஜூன் தொடக்கத்தில் பிரீக்னஸ், ஜூலையில் பெல்மாண்ட் என்று வைத்தால் நல்லது என்பது என் கருத்து.

நாளைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. இங்கிலாந்திலும் இதே போல மூன்று பந்தயம்: கினீஸ் மே மாதம், நடுவே டெர்பி, செயின்ட் லெஜர் செப்டம்பர். நான்கு மாதம் இருந்தும் 1970-ல் நிஜின்ஸ்கிக்குப் பிறகு மூன்றையும் ஜெயித்த குதிரை இல்லை. செயின்ட் லெஜர் ஏறக்குறைய 2,900 மீட்டர், அவ்வளவு தூரத்துக்குக் குதிரை வளர்க்க அங்கே இப்போது ஆசைப்படுவோர் குறைவு. நம் நாட்டில் டிசம்பரில் மும்பை மகாலட்சுமியில் கினீஸ், பிப்ரவரியில் டெர்பி, செப்டம்பரில் புணேயில் லெஜர். ஊருக்கு ஊர் சிக்கல் வேறு. அமெரிக்காவில் இன்றைய சிக்கல் அந்தப் பதினான்கு நாள்.

பார்பரோவை என்னால் மறக்க முடியவில்லை. 2006-ல் டெர்பியை அத்தனை சுலபமாக ஜெயித்த குதிரை, இரண்டே வாரத்தில் பிரீக்னஸில் பின்னங்கால் நொறுங்கி நின்றது. எட்டு மாதம் வைத்தியம் பார்த்தும் காப்பாற்ற முடியவில்லை. ஓய்வு போதாததுதான் காரணம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு, என் குதிரைக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் என்று ஒரு பயிற்சியாளர் சொன்னால் துரோகி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கட்டுரையில் ஜர்னலிசத்துக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது. இந்த ஆண்டு மூன்று பந்தயங்களிலும் ஓடிய ஒரே குதிரை அது. இரண்டாவது, முதலாவது, மறுபடி இரண்டாவது. பிரீக்னஸின் கடைசி நேர்ப்பாதையில் இரண்டு குதிரைகளுக்கு நடுவே சிக்கி நசுங்கி, ஜாக்கி உம்பெர்டோ ரிஸ்போலி விழுந்துவிடுவாரோ என்று நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். அங்கிருந்து மீண்டு, வெகுதூரம் முன்னால் போய்விட்ட காஸ்கரைப் பிடித்து அரை நீளத்தில் ஜெயித்தது. பிரீக்னஸில் ஓடாத குதிரையைப் பற்றி ஒரு பத்தி எழுதிய உங்கள் கட்டுரையாளர், ஓடி ஜெயித்த இந்தக் குதிரையைப் பற்றி அடுத்த இதழில் ஒரு முழுப் பக்கம் எழுத வேண்டும்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
ஆலந்தூர், சென்னை