வள்ளிக்கு ஒரு அறை கொடுங்கள்

திருவிழாவுக்கு நாடகம் வைக்கும் கமிட்டியாருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

31 வருஷம் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் வள்ளியாக நின்றவள் எழுதுகிறேன். இப்போது தோழி வேஷம் கட்டுகிறேன்.

போன பங்குனியில் ஒரு ஊரில், நாரதரோடு தர்க்கம் சூடுபிடித்த நேரத்தில் வள்ளி வேஷம் கட்டிய எங்கள் சின்ன ஸ்திரீபார்ட் நடிகை மேடையிலேயே சரிந்து விழுந்தாள். ராத்திரி 3 மணி இருக்கும். பின்பாட்டுக்காரர் ஆர்மோனியத்தை விட்டுவிட்டு ஓடிவந்து தூக்கினார். சாயங்காலம் வேனில் ஏறியதிலிருந்து அந்தப் பெண் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். விடிந்ததும் தர்க்கத்தைப் பாதியில் விட்டதாகச் சொல்லி, கமிட்டியார் அவளுக்குப் பேசிய சம்பளத்தில் 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒதுங்க இடமில்லாத ஊரில் நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை. கொட்டகைக்குப் பின்னால் ஒரு படுதா தொங்கும், அதுவும் முழங்கால் வரைதான். ஒருத்தி சேலை மாற்ற, இன்னொருத்தி போர்வையை விரித்துப் பிடித்து நிற்பாள். அந்தப் பக்கம் செல்போன் வெளிச்சம் அடிக்கும். அப்புறம் பெஞ்சைப் பரணாக நினைத்து ஏறி நின்று, கவணைச் சுழற்றி, தினைப்புனத்தில் பறவை விரட்டும் ஆலோலம் பாட வேண்டும். வறண்ட தொண்டையில் மேல் ஸ்தாயி பிடிக்கும்போது ரத்த ருசி வரும். எனக்கு எத்தனையோ ராத்திரி வந்திருக்கிறது.

நான் முதன்முதலாக வள்ளி கட்டியபோது எனக்கு 17 வயது. காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமம். மேடைக்கு அடுத்த வீட்டு அப்பத்தா தன் அறையைத் திறந்துவிட்டு, "உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்க ஆத்தா" என்றார். பனங்கற்கண்டு போட்ட வெந்நீர் ஒரு செம்பு நிறையக் கொடுத்தார். அன்றைக்கு வேடன் ‘காயாத கானகத்தே’ பாட்டை எடுத்தபோது எனக்குப் பயமே இல்லை. விடியும்வரை பாடினேன். அந்தக் குரல் அந்தச் செம்புத் தண்ணீரில் வந்தது.

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பால சபா என்ற சிறுவர் நாடகக் குழுவில் சிறுவர்களே பெண் வேஷம் கட்டினார்கள். பெண்களுக்கென்று தனி இடம் அப்போது தேவைப்பட்டிருக்காது. ஆனால் கே.பி. சுந்தராம்பாள் காலத்திலிருந்தே பெண்கள்தானே இந்த மேடையில் வள்ளியாக நிற்கிறோம்? இன்னுமா இதைக் கேட்டு வாங்க வேண்டும்?

ஊர் எல்லையிலிருந்து சீரியல் லைட் போடுகிறீர்கள். நன்கொடை கொடுத்தவர் படமெல்லாம் ஆளுயர ஃபிளெக்ஸில் நிற்கிறது. வள்ளி மேடைக்கு வந்ததும் எழுந்து கும்பிடுகிறவர்களும் உங்கள் ஊரில் உண்டு. அதே வள்ளி இறங்கி வந்து இருட்டில் கருவேலங்காட்டைத் தேடிப் போகிறாள். இது எந்த ஊர் மரியாதை?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்ச் சோறு தின்று வளர்ந்தவள்தான் நானும்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. தாழ்ப்பாள் உள்ள ஒரு அறை, பக்கத்தில் ஒரு கழிப்பறை. பள்ளிக்கூடச் சாவியை ஒரு ராத்திரிக்கு வாங்கிக் கொடுத்தாலும் போதும். நாடகத்துக்குத் தேதி வாங்கி அட்வான்ஸ் கொடுக்கும்போதே அந்த அறை எது என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பெண்ணிடம் பிடித்த 1,000 ரூபாயையும் தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள். அடுத்த மாசி முதல் அவளுக்கு மறுபடி நாடகங்கள் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு ஸ்திரீபார்ட் நடிகை,
புதுக்கோட்டை