பிளாக் சொன்ன பிறகு எது மாறும், எது மாறாது

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சனிக்கிழமை மாலைகளில் நம் கடையில் மேஜிக்: தி கேதரிங் என்ற கார்டு விளையாட்டை ஆட வருகிறவர்களுக்குள் அட்டாக், பிளாக் பற்றி அடிக்கடி வாக்குவாதம் வருகிறது. இரண்டு பக்கமும் நேர்மையாகத்தான் பேசுகிறார்கள். விதியைப் புரிந்துகொண்ட விதம்தான் வேறு. அதனால் இந்த மடல்.

மேஜிக்கில் ஒரு கிரீச்சர் (உயிரினக் கார்டு) இன்னொரு கிரீச்சரை அட்டாக் செய்வதில்லை. எதிராளியை, அல்லது அவருடைய பிளேன்ஸ்வாக்கரை (அவருக்கு உதவும் மந்திரவாதிக் கார்டு), அல்லது அவர் காக்கும் பேட்டில் கார்டைத் தாக்கும். எது குறுக்கே நிற்கும் என்பதைத் தடுப்பவர்தான் முடிவு செய்வார். யூ-கி-ஓ என்ற இன்னொரு கார்டு விளையாட்டை ஆடிவிட்டு வருகிறவர்களுக்கு இது முதலில் குழப்பும், ஏனென்றால் அங்கே மான்ஸ்டரையே குறிவைக்கலாம்.

பெரும்பாலான சண்டைகளுக்குக் காரணம் நேரம்தான். பிளாக்கர்களை அறிவிக்கும் அந்த ஒரு தருணத்தில் மட்டும்தான் 'இது தடுக்கலாமா' என்று பார்க்கிறோம். டேப் ஆகாமல் (அதாவது, பயன்படுத்திவிட்டதாகப் பக்கவாட்டில் திருப்பாமல்) இருக்கிறதா? ஃப்ளையிங் (பறக்கும் திறன்) உள்ளதைத் தடுக்க ஃப்ளையிங்கோ ரீச்சோ (பறப்பதை எட்டித் தடுக்கும் திறன்) இருக்கிறதா? அட்டாக்கருக்கு மெனஸ் என்ற திறன் இருந்தால் இரண்டு பேராவது சேர்ந்து தடுக்கிறார்களா? இவை சரியென்றால் பிளாக் நின்றுவிட்டது, அப்புறம் யாரும் அதைக் கலைக்க முடியாது.

உதாரணமாக, உங்கள் 4/4 கிரீச்சர் (4 டேமேஜ் கொடுக்கும், 4 டேமேஜ் வாங்கினால் சாகும்) அட்டாக் செய்கிறது. எதிராளி 2/2 க்ரிஸ்லி பேர்ஸை வைத்துத் தடுக்கிறார். நீங்கள் 3 டேமேஜ் கொடுக்கும் லைட்னிங் போல்ட் கார்டைப் போட்டுக் கரடியைக் கொல்கிறீர்கள். இப்போது 4 டேமேஜ் எதிராளிக்குப் போகுமா? போகாது. தடுத்தவர் செத்தாலும் உங்கள் கிரீச்சர் தடுக்கப்பட்டதுதான், அதனால் அது யாரையும் அடிக்காது. டிராம்பிள் (மிஞ்சும் டேமேஜை எதிராளிக்கு அனுப்பும் திறன்) இருந்தால் மட்டும் நான்கும் எதிராளிக்குப் போகும். வழியைத் திறந்துவிட நினைத்தால், பிளாக் அறிவிக்கும் முன்பே போல்ட் போட்டிருக்க வேண்டும்.

அதேபோல், தடுத்த பிறகு அட்டாக்கருக்கு ஃப்ளையிங் கொடுத்துப் பயனில்லை. தடுத்தவரை டேப் செய்வதும் வீண். டேப் ஆன பிளாக்கரும் முழு டேமேஜ் கொடுக்கும். எதிராளியின் கிரீச்சர் தாக்கவே கூடாதென்றால், காம்பாட் (சண்டைக் கட்டம்) தொடங்கும் படியிலேயே அதை டேப் செய்யுங்கள். அட்டாக் அறிவித்த பிறகு செய்தால் நேரம் தவறிவிட்டது. இன்னொன்று: இப்போதுதான் இறக்கிய கிரீச்சர் பொதுவாக அட்டாக் செய்ய முடியாது, ஆனால் தாராளமாகத் தடுக்கலாம். தடுப்பதால் அது டேப் ஆவதும் இல்லை.

ஜக்கர்நாட் போன்ற கார்டுகளில் 'முடிந்தால் ஒவ்வொரு காம்பாட்டிலும் அட்டாக் செய்யும்' என்று இருக்கும். அந்த 'முடிந்தால்' மிக முக்கியம். டேப் ஆகியிருந்தால் முடியாது, விட்டுவிடலாம். எதிராளியிடம் ப்ராபகாண்டா என்ற கார்டு இருந்து, தாக்க 2 மானா (கார்டுகளைப் போடச் செலவாகும் சக்தி) கட்ட வேண்டியிருந்தால், கட்டச் சொல்லி உங்களை யாரும் வற்புறுத்த முடியாது. 'கூடாது' என்ற கார்டும் 'வேண்டும்' என்ற கார்டும் மோதினால் 'கூடாது' என்பதுதான் ஜெயிக்கும்.

பழைய ஆட்டக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு அட்டாக்கரைப் பலர் தடுத்தால், முன்பு அவர்களை வரிசைப்படுத்தி, முதலில் நிற்பவருக்குச் சாகும் அளவு டேமேஜ் கொடுத்த பிறகே அடுத்தவருக்குப் போக முடியும். 2024 நவம்பரில் ஃபவுண்டேஷன்ஸ் வந்தபோது அந்த வரிசையை எடுத்துவிட்டார்கள். இப்போது டேமேஜ் கொடுக்கும் நேரத்தில் உங்கள் விருப்பப்படி பிரித்துக்கொள்ளலாம். கிரீச்சரைச் சற்று நேரம் பெரிதாக்கும் ஜயன்ட் க்ரோத் கார்டைப் போட்டுத் தன் பிளாக்கரைக் காப்பாற்ற நினைப்பவருக்கு இது பெரிய மாற்றம். அவர் எதைக் காப்பாற்றுகிறார் என்று பார்த்துவிட்டு, நீங்கள் முழு டேமேஜையும் மற்றதன் மேல் போடலாம். நம் மேஜைகளில் புது விதிதான்.

ஒரு வேண்டுகோள்: 'அட்டாக் இவ்வளவுதான்', 'பிளாக் முடிந்தது' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் டேமேஜ் கணக்குப் போடும் முன்பே எங்களைக் கூப்பிடுங்கள்; கார்டுகள் கிரேவ்யார்டுக்கு (செத்த கார்டுகளின் குவியலுக்கு) போன பிறகு பழைய நிலைக்குத் திருப்புவது சிரமம்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்