சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பெரியம்மாவுக்கும் மற்றவர்களுக்கும்

அன்புள்ள பெரியம்மாவுக்கும், டொக்டர் மிஸ்ஸுக்கும், டிஸ்பென்சரி ஐயாவுக்கும், ஆட்டோ அண்ணனுக்கும், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்து ஆட்கள் எல்லாருக்கும்,

இந்தத் தை மாதத்தோடு, மனதில் பெரிய ஆட்டம் எதுவும் இல்லாமல் எனக்குப் பதினான்கு மாதம் முடிகிறது. நேரில் நன்றி சொல்ல வந்தால் அழுகை வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். பெயர் போட்டால் உங்களுக்குப் பிடிக்காது, போடவில்லை.

எனக்கு இருப்பது பைபோலர், அதாவது இருமுனை மனநிலைக் கோளாறு. அதிலும் ரெபிட் சைக்கிளிங் என்கிற வகை. பன்னிரண்டு மாதத்துக்குள் நான்கு தடவையோ அதற்கு மேலோ மனம் மாறும். ஒன்று, தூக்கமே வேண்டாத எழுச்சி. இல்லாவிட்டால் எழும்பவே முடியாத சோர்வு. 2020இல் மட்டும் எனக்கு ஆறு தடவை வந்தது. இப்போது எண்ணிச் சொல்கிறேன், அப்போது எனக்கு எண்ணத் தெரியவில்லை.

சந்தோஷமாக இருக்கிறேன் என்று யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. நானும் போகவில்லை. தலை வாராமல், பிள்ளைக்குச் சோறு ஊட்ட முடியாமல் கிடந்த நாட்களில்தான் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஓரிடத்தில் சோர்வுக்கு மாத்திரை தந்தார்கள். கொஞ்ச நாளில் எழும்பினேன். எழும்பியவள் அதோடு நிற்கவில்லை. சீட்டுக் காசை எடுத்து ஒன்பது சேலை வாங்கினேன். தோட்டை அடகு வைத்தேன். பிள்ளைகளுக்கு இப்போதே டியூஷன் ஆரம்பிக்கவேண்டும் என்று நடு ராத்திரியில் லயத்துக் கதவுகளைத் தட்டினேன். அப்புறம் விழுந்தேன். மறுபடி அதே மாத்திரை. ஏறுவதும் விழுவதும் முன்னைவிட நெருங்கி நெருங்கி வந்தன. பைபோலர் உள்ள சிலருக்கு, சோர்வை எடுக்கத் தரும் மாத்திரையே சுழற்சியை வேகமாக்கிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. அங்கே தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. நான் சொன்னதில் பாதி போய்ச் சேரவில்லை. கேட்கவேண்டியதை அவர்களும் கேட்கவில்லை.

அதைக் கேட்டவர், பிறகு பெரியம்மாவோடு போன கிளினிக்கில் இருந்த டொக்டர் மிஸ். தனக்குத் தெரிந்த தமிழில், "தூங்காமலே உற்சாகமா இருந்த நாள் இருக்கா?" என்றார். இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நம்பினேன். அப்போதுதான் பெரியம்மா வாய் திறந்தார்: "இருக்கு மிஸ். நான் சொல்றேன்."

பெரியம்மா, உங்கள் காம்பராவுக்கும் எங்கள் காம்பராவுக்கும் நடுவில் இருப்பது கூரை வரைக்கும் எட்டாத ஒரே ஒரு சுவர். லயத்தில் எதையும் மறைக்க முடியாது என்று நான் எத்தனையோ நாள் நொந்துகொண்டிருக்கிறேன். விடிய விடிய நான் பாத்திரம் தேய்த்தது, தனியாகப் பாடியது, பெட்டியை இழுத்துப் போட்டது எல்லாம் உங்களுக்குக் கேட்டிருக்கிறது. நாலு மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டி, வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடி, நாள் முழுக்க மலையில் கூடையோடு நிற்கிற உங்கள் தூக்கம் என்னால் எத்தனை ராத்திரி போயிருக்கும். நீங்கள் ஒரு நாளும் சத்தம் போடவில்லை. எல்லாவற்றையும் மனதில் கணக்கு வைத்திருந்தீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத நீங்கள், தீபாவளி அட்வான்ஸ் கொடுத்த வாரம், அம்மன் கோயில் திருவிழா முடிந்த பிறகு, கொழுந்து அதிகமாக வந்த மாதம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, டொக்டர் மிஸ் ஒரு தாளில் கோடு இழுத்துக்கொண்டே போனார். என் வருடம் முழுவதும் மலைப்பாதை மாதிரி ஏறி இறங்கி அந்தத் தாளில் கிடந்தது. எனக்கு என்ன வியாதி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதன் பிறகு பழைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். இரத்தம் எடுத்துப் பார்த்ததில் தைரொயிட்டும் குறைவாக இருந்தது. அது குறைந்தாலும் சுழற்சிக்கு இடம் கொடுக்குமாம். அதற்குத் தைரொக்சின் தந்தார்கள். பிறகு மனநிலையை ஒரே சீராக வைக்கிற லித்தியம். அது மட்டும் போதவில்லை, கியூட்டியாபின் என்ற இன்னொரு மாத்திரையும் சேர்த்தார்கள். நான் இன்னும் பிள்ளை பெறும் வயதில் இருப்பதால் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடிய வல்ப்ரோயேட் மாத்திரை வேண்டாம் என்று டொக்டர் மிஸ் பொறுமையாக விளக்கினார்.

ஆட்டோ அண்ணே, லித்தியம் அளவு பார்க்க, கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணித்தியாலத்தில் இரத்தம் எடுக்கவேண்டும். ராத்திரி எட்டுக்குப் போட்டால் காலை எட்டுக்கு அங்கே நிற்கவேண்டும். எங்கள் டிவிஷனிலிருந்து பஸ்ஸை நம்பி அது முடியாது. பாதை தெரியாத பனியிலும் ஆறு மணிக்கு வந்து ஹோர்ன் அடித்தீர்கள். 2022இல் தட்டுப்பாட்டு நாட்களில் வரிசையில் நின்று வாங்கிய பெட்ரோலில் என் கிளினிக் நாளுக்கென்று ஒரு போத்தலை ஒதுக்கி வைத்தீர்கள். அந்த வருடக் கடைசியில் மருந்தும் கிடைக்காமல் எட்டு நாள் மாத்திரை இல்லாமல் போய், மறுபடி ஏறிவிட்டேன். எனக்கு வந்த கடைசிப் பெரிய ஆட்டம் அதுதான். கண்டியில் வேலை செய்யும் சித்தப்பா மகன் பார்மசி பார்மசியாக ஏறி இறங்கி ஒரு மாதத்துக்கான மாத்திரை அனுப்பினான். தம்பி, உன் சம்பளம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

டிஸ்பென்சரி ஐயாவுக்கு: இடுப்பு வலிக்கு அம்மாவின் டைக்ளோஃபெனக்கை எடுத்துப் போடப் போனேன். நீங்கள் கையிலிருந்து வாங்கிவிட்டீர்கள். அது லித்தியத்தை உடம்பில் தேக்கிவிடும் என்றீர்கள். வயிற்றோட்டமோ வாந்தியோ வந்தால், கை அதிகமாக நடுங்கினால், பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் உடனே வரச் சொன்னீர்கள். அந்தத் தாள் இன்னும் எங்கள் அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது.

கோயில் பூசாரி ஐயாவுக்கும் நன்றி. திருநீறு பூசிவிட்டு, மாத்திரையை விட்டுவிடாதே என்று எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். அதற்குப் பிறகு பேய், செய்வினை என்ற பேச்சு லயத்தில் குறைந்தது. செத்துவிடலாம் என்று தோன்றிய ஒரு ராத்திரியில், 1926 என்ற மனநல உதவி எண்ணில் போனை எடுத்து நான் அழுது முடிக்கும் வரை வைக்காமல் இருந்தவருக்கும் நன்றி. நீங்கள் யாரென்றே எனக்குத் தெரியாது.

வியாதி போய்விடவில்லை. மாத்திரை தொடரும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தைரொயிட்டும் சிறுநீரகமும் பார்ப்பார்கள். இப்போது கலண்டரில் தூங்கிய மணித்தியாலத்தை நானே குறித்து வைக்கிறேன். ஆனால் மூன்று ராத்திரி குறைவாகத் தூங்கினால், கலண்டரைப் பார்க்குமுன் பெரியம்மா சுவரைத் தட்டிவிடுவார்.

பெரியம்மா, அடுத்த கிளினிக் 14ஆம் திகதி. சம்பளம் போகுமே என்று யோசிக்காதீர்கள், அந்த நாள் காசை நான் தருகிறேன். வருவீங்கதானே?

இப்படிக்கு,
சுவருக்கு இந்தப் பக்கத்து உங்கள் மகள்